கடல்நத்தையும் நம் படிப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன், குளத்தூர்)

விலங்கியல் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். "மாட்டு டாக்டர் படிப்பா?" என்பது முதற்கேள்வி. இல்லை என்றதும், "அப்ப இதப் படிச்சு என்னப்பா செய்யப் போறே?" என்பது அடுத்த கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்த இரண்டாம் கேள்வியை நான் ஏளனமாக எடுத்துக்கொள்வதில்லை. மானாவாரி நிலத்தில் கடலை போட்டு, வானம் பார்த்திருந்து, மிஞ்சியதில் எனக்குக் கட்டணம் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவன் நான். பெருவிரல் அளவேயுள்ள ஒரு கடலுயிரை முன்வைத்து அந்த மறுமொழியைத் தேடிப் பார்க்கிறேன். ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

குளத்து நத்தை

நத்தை எனக்குப் புதிய உயிரன்று. எங்கள் ஊர்ப் பெயரிலேயே குளம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தில் நீர் ஏறினால் வரப்போரங்களில் நத்தைகள் ஊர்ந்து திரியும். என் அப்பத்தா அவற்றைப் பொறுக்கி வந்து, உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவி, மிளகு தூக்கலாகக் கறி வைப்பார். "கோடையில இதெல்லாம் எங்க அப்பத்தா போகும்?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "வாய மூடிக்கிட்டு மண்ணுக்குள்ள உறங்கும்டா, மழை வந்து தட்டுனா எந்திரிச்சு வரும்" என்பார்.

முதலாண்டில் மெல்லுடலிகள் பாடம் வந்தது. ஆசிரியர் கரும்பலகையில் 'பைலா குளோபோசா' என்று எழுதிப் படம் வரைந்தார். பார்த்தால், அப்பத்தாவின் குளத்து நத்தை! நீருக்குள் செவுளாலும், நீருக்கு வெளியே நுரையீரல் போன்ற பையாலும் அது மூச்சுவிடுகிறது. வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் கோடையுறக்கம் கொள்கிறது என்று பாடம் நடந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எழுத்தறியாத அப்பத்தா சொன்னதையன்றோ பல்கலைக்கழகம் எனக்குத் திருப்பிச் சொல்கிறது! அந்தத் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் பெற்றதற்கு என் அறிவு காரணமன்று. எங்கள் குளமே காரணம்.

அதே பாடத்தின் கடைசியில் இரண்டு வரிகள் இருந்தன. ஓடில்லாத வயிற்றுக்காலிகளும் கடலில் உண்டு, அவை நூடிபிராங்குகள் எனப்படும், எடுத்துக்காட்டு டோரிஸ், ஏயோலிஸ் என்று. மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மறந்தேன். அவை எங்கே வாழ்கின்றன, என்ன நிறம், எதைத் தின்கின்றன என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. குளத்து நத்தையைப் பற்றி ஐந்து வயதில் கேள்வி கேட்ட நான், கடல்நத்தையைப் பற்றிப் பத்தொன்பது வயதில் கேள்வி கேட்கவில்லை. கேள்வியைக் கிளப்பாத படிப்பு படிப்பாகுமா? இதுவே இக்கட்டுரையின் வினா.

ஓட்டைத் துறந்த உயிர்

பின்னர், நூலகத்திலும் ஆசிரியர்களிடமும் தேடித் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

இந்தக் கடல்நத்தைகள் நம் குளத்து நத்தைக்கு உறவினமே. முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதந்து திரியும் இளம்பருவத்தில் இவற்றுக்கும் சிறு ஓடு உண்டு. உருமாறி வளரும்போது அந்த ஓட்டை உதிர்த்துவிடுகின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 3,000 வகைகள் அறியப்பட்டுள்ளன. நூடிபிராங்கு என்ற பெயருக்கு 'வெற்றுச் செவுளுடையது' என்று பொருள். பல வகைகளில் செவுள்கள் முதுகின் பின்புறத்தில் ஒரு பூவைப் போல விரிந்து நிற்கும்; தொட்டால் சில வகைகள் அந்தப் பூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். தலையில் இரண்டு கொம்புகள் உண்டு. நீரில் கரைந்து வரும் மணத்தை அறிவதற்கானவை அவை. கண்ணும் உண்டு, ஆனால் ஒளியையும் இருளையும் பிரித்தறிவதற்கு மேல் அதற்குத் திறனில்லை.

நிறங்களையோ சொல்லி முடியாது. வெண்மையில் செம்மஞ்சள் புள்ளி, கருமையில் மஞ்சள் கோடு, ஊதா, நீலம் எனத் தேர்த்திருவிழாவில் கட்டிய தோரணம் போல இருக்கும். இங்கே ஒரு விந்தை. இவ்வளவு வண்ணத்தையும் அந்த உயிர் தானே காண முடியாது. அதன் துணையும் காண முடியாது. அப்படியானால் இந்த அலங்காரம் யாருக்காக? தன்னைத் தின்ன வரும் மீனுக்காக. 'நான் நஞ்சுடையவன், தொடாதே' என்னும் எச்சரிக்கைப் பலகையே அந்த நிறம். ஓடு போன இடத்தில் நஞ்சு வந்து காவல் நிற்கிறது. அந்த நஞ்சையும் பல வகைகள் தாமே உண்டாக்குவதில்லை. தாம் தின்னும் கடற்பஞ்சு முதலியவற்றிலிருந்து எடுத்துத் தம் உடலில் சேர்த்துவைத்துக்கொள்கின்றன.

இவற்றுள் ஒன்று அண்மையில் நம் மாநிலத்துச் செய்தித்தாள்களில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பின், சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நீல நிறச் சிற்றுயிர்கள் ஒதுங்கின. 'ப்ளூ டிராகன்' என்று நாளேடுகள் எழுதின. கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்பது அதன் அறிவியற்பெயர். 1777-இல் ஃபார்ஸ்டர் என்பவர் இட்டது. மிகப் பெரியதும் 3 சென்டிமீட்டர் அளவே இருக்கும். மற்றவற்றுள் பெரும்பாலானவை கடலடியில் ஊர, இது ஆழ்கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்கிறது. காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொண்டு மல்லாந்து மிதக்கும். மேல்நோக்கியிருக்கும் வயிற்றுப்புறம் நீலம். வானத்துப் பறவைக்கு அது கடல்நீராகத் தெரியும். கீழ்நோக்கியிருக்கும் முதுகுப்புறம் வெள்ளி. ஆழத்திலிருந்து பார்க்கும் மீனுக்கு அது வானத்து ஒளியாகத் தெரியும்.

இதன் உணவு, மீனவர் அஞ்சும் சொறி இனத்தைச் சேர்ந்த, நீலப்பை கட்டி மிதக்கும் பிசாலியா. பிசாலியாவின் கொட்டும் இழைப்பைகளை வெடிக்காமல் விழுங்கி, குடலின் கிளைகள் வழியே கடத்தி, தன் விரல்போன்ற உறுப்புகளின் நுனியில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. பகைவனின் அம்பை எடுத்துத் தன் அம்பறாத்தூணியில் வைத்துக்கொள்ளும் வீரனைப் போல! ஆகையால்தான் கரையில் கிடந்தாலும் அதைக் கையால் தொடலாகாது என்று அன்று மக்களை எச்சரித்தனர்.

இவ்வளவு செய்தி அந்த இரண்டு வரிக்குள் ஒளிந்திருந்தது, நண்பர்களே!

கோட்டைப்பட்டினத்தில் ஒரு காலைப்பொழுது

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே எங்கள் பக்கத்தில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. குளத்தூரிலும் கீரனூரிலும் இருக்கும் எங்களுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணி, இராமேசுவரம். ஆனால் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம் மாவட்டமே. பேருந்து மாறி மாறிப் போனால் எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இருபது வயது வரை நான் அங்கே போனதில்லை.

சென்ற விடுமுறையில் கடற்கரை ஊரைச் சேர்ந்த என் வகுப்புத் தோழன் அழைத்துப் போனான். விடியும் முன்பே கோட்டைப்பட்டினத் தளத்தில் நின்றோம். விசைப்படகுகள் வந்தன. இறாலும் நண்டும் கணவாயும் கூடைகூடையாகப் பிரிக்கப்பட்டன. எதிலும் சேராதவற்றை ஒரு பக்கம் குவித்தார்கள். அதற்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்து அரைத்தால் கோழித்தீவனம். நான் அந்தக் குவியலின் அருகே குந்தினேன். விரலளவு மீன்குஞ்சுகள், உடைந்த சங்குகள், கடற்புல்லின் சருகுகள், நட்சத்திர மீன்கள். அவற்றினிடையே சளி உருண்டை போல ஒன்று கிடந்தது. நுனியில் மட்டும் செம்மஞ்சள் தெரிந்தது. குச்சியால் தள்ளி ஒரு வாளிக் கடல்நீரில் விட்டேன்.

சிறிது நேரம் அசைவில்லை. பிறகு மெல்ல விரிந்தது. இரண்டு கொம்புகள் எழுந்தன. முதுகில் அந்தப் பூ மலர்ந்தது. கரும்பலகையில் வெள்ளைக் கோடாகக்கூட நான் கண்டிராத ஒன்று, என் கண்முன் உயிரோடு ஊர்ந்தது. தோழனும் நானும் பேசவில்லை.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இதுக்கு இங்க என்ன பேரு?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "எங்க அப்பா கரைவலை இழுத்த காலத்துல இதுக்கு ஒரு பேரு சொல்லுவாரு தம்பி. வாயில வருது, வெளிய வர மாட்டேங்குது" என்றார். வேலையினூடே இரண்டு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது, "அடுத்த தடவை வா தம்பி, கேட்டு வைக்கிறேன்" என்றார்.

அதன்பின் நான் செய்த தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த உயிரைக் குப்பியில் கடல்நீரோடு எடுத்துக்கொண்டு பேருந்தேறினேன். வெயிலில் அது வழியிலேயே இறந்தது. கல்லூரிக்கு வந்து பார்மலினில் இட்டேன். இரண்டே நாளில் நிறமெல்லாம் கரைந்து, சாம்பல் நிறச் சதைத்துண்டாகிவிட்டது. படம் எடுக்க வேண்டும் என்று அந்த மகிழ்ச்சியில் எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியரிடம் காட்டினேன். "நிறமும் உருவமும் போனபின் இதை என்ன வகையென்று எப்படியப்பா உறுதியாகச் சொல்வது?" என்றார். இன்று என் மேசைமேல் ஒரு குப்பி இருக்கிறது. அதன் சீட்டில் நாளும் ஊரும் உண்டு, பெயர் இல்லை.

நிறத்தைக் காத்தவர்கள்

என் தவறு என்னவென்று வரலாற்றைப் படித்தபோதுதான் முழுமையாக விளங்கியது. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்டு ஃபிரெடரிக் கெலார்ட் என்பவர், திரிகோணமலைக் கடலில் கண்ட கடல்நத்தைகளை 1858-இல் விவரித்து எழுதினார். அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று இன்று ஜிம்னோடோரிஸ் சிலோனிகா எனப்படுகிறது. ஒளி ஊடுருவும் வெள்ளை உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் கொண்டது; தன் உறவினமான கடல்முயலையே வேட்டையாடித் தின்பது. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், வால்டேர்க் கரையில் சேகரித்தவற்றையும் படங்களையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்னும் இருவர் 1864-இல் அவற்றுக்குப் பெயரிட்டு வெளியிட்டனர். கலிங்கக் கரையை நினைவூட்டும்படி ஓர் இனத்துக்குக் 'கலிங்கா ஆர்னேட்டா' என்றே பெயர் வைத்தனர். நம் பக்கத்துக் கரையின் பெயரை ஒரு கடல்நத்தை 160 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறது; விலங்கியல் மாணவனாகிய எனக்கு அது தெரியாது.

கப்பலில் ஏறிப்போன உடல்கள் நிறமிழந்திருக்கும். நிறத்தைக் காத்துத் தருபவை படமும் குறிப்புமே. அந்நாளில் தூரிகை வேண்டியிருந்தது. இந்நாளில் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் படமெடுக்கும் கருவி இருக்கிறது. அதைக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. கெலார்ட்டுக்கும் எலியட்டுக்கும் கடலுக்குள் போய் அவற்றை எடுத்துவந்து கொடுத்த கைகள் யாருடையவை? அந்தக் கைக்குரியவர்கள் அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? அந்தப் பெயர்கள் எந்த ஏட்டில் இருக்கின்றன?

பெயரின் முதன்மை

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பாரும் உளர். என் செய்முறைக் குறிப்பேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலப் பெயரை அகராதி கொண்டு பெயர்த்து, இவ்வுயிரைக் 'கடல் அட்டை' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார். கடல் அட்டை என்பது முற்றிலும் வேறு. நட்சத்திர மீனின் இனம். அதைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பாக் நீரிணைக் கரையில் கடல் அட்டை கடத்தியதாக வழக்கு என்று எத்தனை செய்தி படிக்கிறோம்! ஒரு மீனவரிடம் போய், "கடல் அட்டை இருந்தால் காட்டுங்கள்" என்று நான் கேட்டிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? தவறான பெயர் வெறும் எழுத்துப் பிழையன்று, ஆளையே மாட்டிவிடும்.

'டிராகன்' என்ற பெயரும் எனக்கு ஒட்டவில்லை. நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறது, டிராகன் நிற்கவில்லை. 'நீல யாளி' என்று சொன்னால் என் அப்பத்தாவுக்கும் ஓர் உருவம் மனத்தில் எழும். எனினும், கலைச்சொல்லை அறையில் உட்கார்ந்து நாமே ஆக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. முதலில் கரையில் கேட்க வேண்டும். கடற்பசுவை நம் கரையினர் 'ஆவுளியா' என்பர். எவ்வளவு அழகிய சொல்! அது எந்தக் குழுவும் கூடி ஆக்கியதன்று. கடலில் அதைக் கண்டவன் வாயில் பிறந்தது. அதுபோன்ற ஒரு சொல்தான் அன்று அந்தப் பெரியவரின் நாவுக்கும் நினைவுக்கும் இடையே நின்றுபோயிற்று. அவர் தந்தையோடு அது பாதி போய்விட்டது. அவரோடு மீதியும் போய்விடும். நாம் பட்டம் வாங்கி வரும்வரை அது காத்திருக்காது.

அந்த ஆவுளியாவுக்காகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே கடற்பசுவுக்கென முதன்முதல் அமைந்த பாதுகாப்பகம் அது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதி. அங்கே காக்கப்படுவது கடற்புல் வெளி. ஆவுளியா மேயும் அதே புல்வெளியில் சின்னஞ்சிறு உயிர்கள் எத்தனையோ வாழும். பெரியதைக் காத்தால் சிறியதும் பிழைக்கும் என்பது உண்மை. ஆனால் சிறியது இன்னதென்று எழுதிவைக்காவிட்டால், அது பிழைத்ததா மடிந்ததா என்று பிற்காலத்தில் யார் சொல்வது?

விசைப்படகில் போகும் அண்ணன்மாரைக் குறைகூற இதை நான் எழுதவில்லை. அவர்கள் வீட்டு உலையும் எங்கள் வீட்டு உலையும் ஒரே கவலையில்தான் கொதிக்கின்றன. சங்காயக் குவியலைப் பார்க்கும் கடமை படிக்கிறவர்களாகிய நம்முடையது.

பயன் என்ன?

இப்போது எங்கள் ஊர்க் கேள்விக்கு வருகிறேன். இதைப் படித்து என்ன செய்வது?

பயனை எடுத்துக்காட்டிப் பேசலாம். கடல்முயல் எனப்படும் அப்ளிசியாவின் நரம்பு மண்டலத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உள்ளன. அவையும் அளவில் மிகப் பெரியவை. அதைக்கொண்டு, நினைவு எவ்வாறு மூளையில் பதிகிறது என்று ஆராய்ந்த எரிக் கேண்டல் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டொலபெல்லா என்னும் மற்றொரு கடல்முயலை மொரீசியசுக் கரையில் சேகரித்து ஆய்ந்த ஜார்ஜ் பெட்டிட் குழுவினர், புற்றணுக்களைக் கொல்லும் டொலாஸ்டாட்டின்-10 என்னும் பொருளை 1987-இல் அறிவித்தனர். அதன் அமைப்பைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கிய பொருளைத் தாங்கிய மருந்து, ஹாட்ஜ்கின் வகைப் புற்றுநோய்க்கென 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தப் பொருளைக் கடல்முயல் உண்டாக்கவில்லை. அது மேயும் நுண்ணிய நீலப்பசும் பாசியிலிருந்து வந்தது என்று 2001-இல் தெரியவந்தது. பாசியில் அதே பொருள் கிடைத்தது. விடை, 'இது எதைத் தின்கிறது?' என்ற கேள்விக்குள் இருந்தது.

எங்கள் வீட்டு ஆடு வயிறு உப்பி நின்றால் என் தாய் முதலில் கேட்பது எது? "எதத் தின்னுச்சு?" என்பதுதான். எங்கே மேய்ந்தது, எப்போது, கூட எவை மேய்ந்தன என்று அடுத்தடுத்துக் கேட்பார். இயற்கை வரலாறு என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பது இதையேயன்றோ? ஊரார் நமக்குப் பழக்கிவிட்ட இந்தக் கேள்விகளைக் கல்லூரி வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வருகிறோம். வந்து, விடைகளை மட்டும் எழுதிப் பழகுகிறோம்.

ஒவ்வொரு கடல்நத்தையிலிருந்தும் ஒரு மருந்து வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவற்றிலிருந்து எதுவும் வராமலும் போகலாம். பயன் தெரிந்த பின் படிக்கலாம் என்று காத்திருந்தால் எந்தப் பயனும் தெரியப் போவதில்லை என்பதே என் வாதம். 2024-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் ஒரு புதிய கடல்நத்தையை அறிவித்தனர். குடியரசுத் தலைவரின் பெயரால் 'மெலனோகிளாமிஸ் திரௌபதி' என்று பெயரிடப்பட்ட அது 7 மில்லிமீட்டர் அளவே உள்ளது. பழுப்புக் கருமை உடலின் பின்முனையில் செம்மணி போல ஒரு புள்ளி. கிடைத்த இடம் எது தெரியுமா? மக்கள் கூட்டங்கூட்டமாக உலாவும் மேற்கு வங்கத்துத் தீகா கடற்கரையும் அதையடுத்த ஒடிசாவின் உதய்பூர்க் கரையும். எத்தனை இலட்சம் கால்கள் நடந்த மணல்! குனிந்து பார்த்த கண்கள் வந்தபின்தான் அது அறிவுலகுக்குத் தெரிந்தது.

நாம் செய்யத்தக்கன

குறைகூறிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆகவே மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கொருமுறை மலைவாழிடங்களுக்குச் சுற்றுலா போகிறோம். போகவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நானும் போவேன். ஆனால் ஆண்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம் மாவட்டத்துக் கடற்கரைக்கு விலங்கியல் மாணவர் அனைவரும் போகவேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். "தேர்வுக்கு வராததற்கு எதற்குச் செலவு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பைலாவைத் தேர்வில் நான் எழுதியது குளத்தைப் பார்த்ததால் என்பதே என் விடை.

இரண்டாவது, உயிர்களைக் குப்பியில் அடைத்துக்கொண்டு வரவேண்டா. என் குப்பியே போதிய சான்று. உயிரோடு கடல்நீரில் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, வண்ணப்படம் எடுத்து, நாள், ஊர், ஆழம், எந்த வலையில் வந்தது, கூட என்னென்ன வந்தன, அவ்வூரார் அதை எவ்வாறு அழைக்கின்றனர் என்று எழுதி, மீண்டும் கடலிலே விட்டுவிடலாம். துறையில் ஒரு பொதுக்குறிப்பேடு தமிழில் தொடங்கப்படட்டும். ஐந்தாண்டு தொடர்ந்தால், மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கும் கடலியல் அறிஞர்களிடம் தயங்காமல் எடுத்துக்காட்டத்தக்க ஏடாக அது வளர்ந்திருக்கும்.

மூன்றாவது, நம் வகுப்பிலேயே கடற்கரை ஊர்களிலிருந்து வரும் தோழர்கள் இருக்கிறார்கள். என் தோழனையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அவன் வாய் திறந்து நான் கண்டதில்லை. கோட்டைப்பட்டினத் தளத்திலோ ஒரு மணி நேரத்தில் நாற்பது மீன்களுக்குப் பெயர் சொன்னான். எது எந்தக் காற்றில் வரும், எது எந்தப் பாரில் மேயும் என்று சொன்னான். "இதையெல்லாம் ஏனடா வகுப்பில் சொல்வதில்லை?" என்று கேட்டேன். "இதெல்லாம் படிப்பாடா?" என்றான். என் நெஞ்சில் தைத்தது அந்தச் சொல். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள், தம் வீட்டார் அறிந்தவை யாவும் அறியாமை என்று எண்ணிக்கொண்டே உள்ளே வருகிறோம். அந்த எண்ணத்தை நாமே மாற்றவேண்டும். அவனை ஒரு நாள் வகுப்பின் முன்னே நிறுத்திப் பேசச் செய்வோம்; நாம் குறிப்பெடுப்போம்.

முடிவாக

அன்று நான் கண்டதை ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் சொன்னேன். அதைப் போன்ற ஒன்றின் படத்தையும் கைப்பேசியில் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நத்தைதான்னு சொல்றே. ஓட்டக் காணமே, எப்படிடா பொழைக்குது?" என்று கேட்டார். இரண்டாண்டுப் படிப்பில் எந்த வினாத்தாளும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. நஞ்சையும் நிறத்தையும் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். உம் கொட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கு என்ன பேரு?" என்றார்.

என்னிடம் விடையில்லை.

வரும் விடுமுறையில் மீண்டும் கோட்டைப்பட்டினம் போகிறேன். அந்தப் பெரியவர் கேட்டுவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நினைவு வந்திருந்தால் நல்லது; வராவிட்டால் அவரினும் மூத்தவர் ஒருவரைத் தேட வேண்டும். உடன் வர விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள். பேருந்துக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வோம். குறிப்பேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதன் முதற்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.